வெள்ளையில் வெள்ளை

மார்ச் 3, திங்கள்

முன்பக்க அறையை இன்று திறந்தேன். மழையும் பனியும் நான்கு மாதம் அதற்குள்ளேயே குடியிருந்தது போல ஒரு வாசனை. சுவரின் கீழ்ப்பகுதியில் பூஞ்சை. மகன் அகிலன் ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து யாரும் அங்கே படுப்பதில்லை. குன்னூரில் ஏப்ரல் பிறந்தால் சீசன். இந்த வருடம் அந்த அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாம் என்று நான்தான் சொன்னேன். என் கணவர் தனசேகர் "செய்" என்றார். தேயிலை பாக்டரியில் இருபது வருடம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றவர். ஒரு சொல்லில் முடிந்தால் இரண்டாவது சொல்லுக்குப் போக மாட்டார்.

காலையும் மாலையும் பள்ளி வேன் ஓட்டுகிறேன். நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது. பதினான்கு வருடமாக அந்த ஆறு மணி நேரத்தை என்னதான் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

தெரு முனையில் நீலப்பூ மரம் பூக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குள்ளும் ஏதாவது மாற வேண்டும்.

மார்ச் 8, சனி

நாத்தனார் கனகவல்லி ஈரோட்டிலிருந்து வந்துவிட்டாள். அங்கே திரைச்சீலை, பெட்ஷீட் விற்கும் கடையில் பதினொரு வருடம் வேலை. கடையை மூடிவிட்டார்கள். ஒரு மாதம் எங்களோடு இருந்து அறையை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். காபியைக் குடித்த கையோடு அறைக்குள் போய் நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

நான் பேப்பரில் வெட்டி வைத்திருந்த படத்தைக் காட்டினேன். மஞ்சள் சூரியகாந்தி போட்ட திரை.

"அண்ணி, இந்தச் சின்ன ரூமுக்கு அவ்வளவு பெரிய பூவைப் போட்டா, சுவரு நாலும் பக்கத்துல வந்து நிக்கற மாதிரி ஆயிருமுங்க."

"அப்ப என்ன போடறது? வெறும் துணியா?"

"வெறும் துணியில்ல. செல்ஃப் டிசைன். வெள்ளையிலயே வெள்ளை. தூரத்துல பாத்தா ஒண்ணுமில்ல. கிட்டப் போனாத்தான் தெரியும். வர்றவங்களுக்கு மனசு சாந்தமா இருக்கும்."

கிட்டப் போனால்தான் தெரியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாள் எங்கள் வீட்டில் எல்லாமே தூரத்திலிருந்தே தெரிகிற சாமான்தான்.

மார்ச் 9, ஞாயிறு

கனகு ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த துணி மூட்டையைப் பிரித்தோம். மூன்று துணி. இரண்டு வெள்ளை, ஒன்று சாம்பல் சாயலில்.

"பாருங்க, எப்படி இழையோடுது இலை" என்றாள் கனகு.

"ஆமா, அழகா இருக்கு" என்றேன்.

எழுதி வைக்கிறேன்: அது வெறும் துணி. கிட்டப் போனேன், ஜன்னலருகில் பிடித்தேன், மடித்தும் பார்த்தேன். இலை என்று ஒன்றும் இல்லை. கனகு ஏன் இருக்கிறது என்கிறாள்? கடைக்காரன் துணியை மாற்றிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள வெட்கமா? அல்லது எனக்கு ரசனை உண்டா என்று சோதிக்கிறாளா? அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்தச் சோதனைகள் எனக்குப் பழக்கம்தான்.

மார்ச் 10, திங்கள்

சாப்பிடும்போது அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"என்னங்க, அந்தத் துணியில என்ன போட்டிருக்குன்னு நினைக்கிறீங்க?"

"இலை."

சாட்சி இரண்டாகிவிட்டது. ஆனால் அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிய மாதிரி தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

மதியம் வீட்டில் யாருமில்லை. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தேன்.

இருக்கிறது! காம்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் மேடு. ஒரு சாண் தள்ளி அதே மேடு மறுபடியும். விரலுக்குத் தெரிகிறது. கண்ணைத் திறந்தால் போய்விடுகிறது.

அப்படியானால் கனகு பொய் சொல்லவில்லை. வெளிச்சம்தான் போதவில்லை. அந்த அறையில் இருப்பது பழைய பல்பு. மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய பல்பு வாங்கி மாட்டினேன். துணி இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. இலையைக் காணோம்.

மார்ச் 14, வெள்ளி

துணியின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கண்ணாடி துடைக்க வேனில் வைத்திருந்தேன். முன் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் யாழினி, இரண்டாம் வகுப்பு, அதை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இதுல குருவி இருக்கு!"

"குருவியா? இலைதானே?"

"இலைக்குப் பக்கத்துல குருவி. ஒண்ணு உக்காந்துட்டு இருக்கு. ஒண்ணு பறக்குது."

கனகு குருவியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும், எங்கே காட்டு என்றேன். பிள்ளை என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டினாள். அலகு, முதுகு, வால். ஏழு வயது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

"தெரியுதா ஆன்ட்டி?"

"தெரியுது" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று கனகு அறைக்குப் பெயிண்ட் அடிக்க, நான் வேன் சர்வீஸுக்காக ஊட்டிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அறை பூட்டியிருந்தது. காயட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் கனகு. இன்று காலை அவள் அருவங்காட்டில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போனாள். நான் திறந்து பார்த்தேன். மூன்று சுவர் சந்தன நிறத்தில் அருமையாக வந்திருந்தது. கட்டிலுக்குத் தலைமாட்டில் இருக்கும் சுவர் மட்டும் கொஞ்சம் திட்டுத்திட்டாக இருந்தது. பக்கத்தில் டப்பாவில் பெயிண்ட் மீதி, ரோலர். இரண்டாவது கோட்டுக்கு விட்டு வைத்திருக்கிறாள், அலைந்து வந்து அவள் எதற்குச் செய்ய வேண்டும் என்று நானே அடித்து முடித்தேன். தோள்பட்டை விட்டுப்போனது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கனகு வந்தாள். வாசலிலேயே நின்றாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என் டிசைன் எங்க அண்ணி?"

சனிக்கிழமை முழுக்க, கொடி வெட்டிய ஸ்டென்சில் அட்டையை வைத்து, சந்தனத்தில் அரை ஷேடு குறைத்து, சுவர் முழுக்கக் கொடி ஏற்றியிருக்கிறாள். ஆறு மணி நேர வேலை. அதன் மேல் நான் ரோலர் ஓட்டியிருக்கிறேன்.

"புடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமுங்களே. நான் இல்லாத நேரம் பாத்து அழிக்கணுமா?"

என்ன சொல்வது? ஒன்று, நான் கெட்டவள். இல்லையென்றால்... இரண்டாவதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா, எனக்குப் புடிக்கல" என்றேன்.

அவள் அழவில்லை. ரோலரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அதில் பெயிண்ட் போன பிறகும் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்

ரசம், உருளைக்கிழங்கு. மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம். அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மார்ச் 19, புதன்

கனகு என்னோடு பேசாவிட்டாலும் வேலையை நிறுத்தவில்லை. திரையைத் தைத்து மாட்டிவிட்டாள். மதியம் நான் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் முடி விழுந்தது. ஒதுக்கும்போது வலது கண்ணைக் கை மறைத்தது.

ஜன்னலில் பாதி இல்லை.

கையை எடுத்தேன். ஜன்னல் முழுதாக வந்தது. மறுபடி மூடினேன். வேடிக்கையாக இருந்தது, அதனால் முறையாகவே செய்து பார்த்தேன். இடது கண்ணை மூடினால்: ஜன்னல், இரண்டு திரை, பக்கத்தில் அலமாரி, எல்லாம் கொஞ்சம் சோகையாக. வலது கண்ணை மூடினால்: ஜன்னலின் நடுப்பகுதி, ஒரு தட்டு அளவுக்கு. அதைச் சுற்றி இருட்டு இல்லை. இருட்டாக இருந்தால் பயந்திருப்பேன். அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். என் முதுகுக்குப் பின்னால் எப்படி ஒன்றும் தெரிவதில்லையோ அப்படி.

பதினோரு தடவை செய்து பார்த்தேன்.

தூக்கம் சரியில்லை. பெயிண்ட் வாசனை கண்ணுக்கு ஆகாது என்பார்கள்.

மூன்று மணிக்கு வண்டி எடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

பங்குனி பிறந்தும் காலையில் இந்தப் பனிமூட்டம் போகவில்லை. அவரிடம் சொன்னேன். "இன்னைக்குப் பனியே இல்லையே ரூபா" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

கனகு மெத்தை உறைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்றேன். அவள் நிமிராமலே பேசினாள். ஒரு வாரம் கழித்து முதல் பேச்சு.

"திரையில இலை, கட்டில்ல கோடு, தலகாணியில புள்ளி. மூணும் வேற வேற. ஆனா நிறம் ஒண்ணுதான். அதனால ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது. கடையில வர்றவங்ககிட்ட இதைத்தான் சொல்லுவேன்."

"கோடு எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பப் போயிட்டு இருக்கே, அந்தப் பக்கந்தான்" என்றாள்.

மார்ச் 26, புதன்

காலையில், தேயிலைத் தோட்டத்து இரண்டாவது வளைவில், ஒரு காட்டெருமை.

இடது பக்கம், மரநிழலில் நின்றிருக்கிறது. யாழினி கத்தினாள், "ஆன்ட்டி, மாடு!" பிரேக் போட்டேன். வண்டிக்கும் அதற்கும் நடுவே இரண்டு கை அகலம். அது என்னைப் பார்த்தது, பிறகு சாவகாசமாகச் சாலையைக் கடந்து இறங்கிப் போனது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தண்ணீர் பாட்டில் ஒன்று சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து என் காலில் முட்டியது. யாழினிக்கு முன் சீட்டுக் கம்பியில் உதடு பட்டுக் கொஞ்சம் ரத்தம். துடைத்துவிட்டேன்.

மாலையில் அவள் அம்மா சுகன்யா நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பிள்ளைகள் முந்திக்கொண்டு கதை சொல்லிவிட்டார்கள்.

"நல்ல வேளைக்கா, நீங்க ஓட்டினீங்க. வேற யாராவதா இருந்தா நேரா போய் முட்டியிருப்பாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கை இன்னும் என் மேலேயே இருப்பது போல இருக்கிறது. ஆயிரம் கிலோ இருக்கும் அந்த மாடு. சாணத்தின் வாடைகூட வந்தது. யாழினி கத்திய பிறகும் எங்கே என்று நான் தேடினேன். தேடித்தான் கண்டேன்.

மார்ச் 27, வியாழன்

காலையில் கனகு, மார்க்கெட்டுக்குப் போகணும், நானும் வேனில் வருகிறேன் என்று முன்னால் ஏறிக்கொண்டாள். வழி முழுக்கச் சாலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். மார்க்கெட்டில் இறங்கவும் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டாள்.

"ஒவ்வொரு வளைவுக்கும் ஏன் அண்ணி கோழி மாதிரி கழுத்தைத் திருப்பறீங்க?"

"கழுத்துவலி."

மதியம் சாப்பாடு முடிந்ததும் என்னை முன்பக்க அறைக்குக் கூப்பிட்டாள். கைக்கொன்றாக இரண்டு துணியை விரித்துப் பிடித்தாள். வெளியே நல்ல வெயில்.

"ஒண்ணுல இலையும் குருவியும் இருக்கு. ஒண்ணு வெறும் துணி. எது எதுன்னு சொல்லுங்க."

"என்ன இது, சின்னப் பிள்ளை விளையாட்டு."

"சொல்லுங்க அண்ணி."

இலை வலது கையில் என்றேன்.

இலை இருந்தது இடது கையில். இரண்டு துணியையும் கட்டிலில் வைத்தாள். அப்புறம் தலைமாட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

"அப்ப அன்னைக்கு..."

"இன்னொரு கோட் அடிக்கணும்னு விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன் கனகு. உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு..."

"புடிக்கலைன்னு சொன்னீங்களே!"

"வேற என்ன சொல்றது?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "பத்து நாளா உங்களை மனசுக்குள்ள என்னென்னவோ திட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

"இன்னும் திட்டு" என்றேன். அவளிடம் காட்டெருமையைச் சொன்னேன். பதினோரு தடவை கண்ணை மூடிப் பார்த்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மணி இரண்டே முக்கால். எழுந்தேன். கனகு எனக்கு முன்னால் போய் ஆணியிலிருந்த வேன் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"பிள்ளைங்க காத்துட்டு இருக்கும் கனகு."

"காத்திருக்கட்டும். போன் பண்ணுங்க."

பள்ளிக்குப் போன் செய்தேன். உடம்பு சரியில்லை, வேறு வண்டி அனுப்புங்கள் என்றேன். பிறகு தூங்கிவிட்டேன். மதியத்தில் அப்படி நான் தூங்கியதே இல்லை.

மார்ச் 28, வெள்ளி

அவரிடம் சொன்னேன்.

"அன்னைக்குத் துணியில என்னன்னு கேட்டியே. நான் திரும்பியே பாக்கல ரூபா. கனகு இலைன்னு சொன்னது காதுல விழுந்தது, அதைச் சொன்னேன்."

இத்தனை சொற்களை ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 29, சனி

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. மலை இறங்கும்போது கனகு என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள், நானாகவே பார்த்துக்கொண்டு வரட்டும் என்று. கண்ணில் மருந்து விட்டார்கள், காற்றடித்தார்கள், ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைத்து வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக அமுக்கினேன். புள்ளி ஏன் இவ்வளவு இடைவெளி விட்டு வருகிறது, மெஷின் பழசோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது நிற்காமல் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

டாக்டர், என் மகன் அகிலனின் வயதே இருக்கும் பெண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறதாம். கிளாக்கோமா. இடது கண்ணில் பெரும்பகுதி, வலதில் ஆரம்பம்.

"வலி இல்லாததால யாருக்குமே சீக்கிரம் தெரியறதில்லம்மா. போன பார்வை திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாள்கூட விடக் கூடாது. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல் வேன் ஓட்டறேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. தலைமாட்டுச் சுவரில் கனகு மறுபடி கொடி ஏற்றினாள். நான் ஸ்டென்சில் அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமா வெச்சிரட்டுமா? உங்களுக்கும் தெரியற மாதிரி."

யோசித்தேன். வேண்டாம் என்றேன். அவள் மனதில் இருக்கிற சுவர் அப்படியே வரட்டும். அதற்குப் பதிலாக அறை வாசல் படி விளிம்பில் ஒரு அடர்ந்த பழுப்புப் பட்டை அடிக்கச் சொன்னேன். வருகிறவர்களில் என்னைப் போல யாராவது இருப்பார்கள். அவர்களும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் கொடி எங்கிருந்து எங்கே போகிறது என்று கனகு விவரமாகச் சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் பெயிண்ட் ஒழுகி ஒரு இலை வீங்கிவிட்டதாம். எந்த இடம் என்று மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புது டிரைவர் சுரேந்தர் காலை ஏழு மணிக்கு வந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். நிறுத்தங்களைக் காட்ட நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பள்ளியில், பெற்றோருக்கு நாங்களே மெசேஜ் அனுப்பிக்கொள்கிறோம் என்றார்கள். நான்தான் நேரில் சொல்ல வேண்டும் என்றேன்.

பதினாலு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் இறங்கினேன். கண் சரியில்லை, இனிமேல் நான் ஓட்ட மாட்டேன், இவர் சுரேந்தர். சிலர் அச்சச்சோ என்றார்கள். ஒரு தாத்தா தன் டாக்டரின் பெயரைச் சொன்னார். ஒருத்தி அழுதேவிட்டாள். எல்லோரும் நல்ல மாதிரி. எல்லோரிடமும் பாதியைத்தான் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

பதினோராவது நிறுத்தம் யாழினி வீடு. சுகன்யா கேட்டை விட்டு ஓடி வந்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? கண்ணா? எப்பத்துல இருந்து?"

சனிக்கிழமை டாக்டர் சொன்னதும்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்கூட அதிகமில்லை. காலையில் கிளம்பும்முன் இந்த நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"ஏதோ சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சது போன மாசம் பத்தொம்பதாம் தேதி" என்றேன்.

அவள் முகத்தில் நாட்கள் ஓடுவது தெரிந்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்துநாலு. இருபத்தாறில் வந்து நின்றது. குனிந்து யாழினியின் உதட்டைப் பார்த்தாள். காயம் ஆறிவிட்டது, ஒரு சின்னத் தடிப்பு மட்டும்தான்.

"ஆமா" என்றேன். "அன்னைக்கு உங்க பொண்ணு கத்தினதாலதான் நிறுத்தினேன். நான் பாக்கல."

என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பிள்ளையைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். பையை மடியில் வைத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போனாள்.

"தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

சுரேந்தர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "எதையாவது படிங்க" என்றாள்.

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இடது பக்கம் கையை நீட்டினான். சாலையோரம் கொஞ்சம் தள்ளி, ரேஷன் கடையின் பக்கவாட்டுச் சுவர். "எழுத்து வெளுத்துப்போயிருக்கு" என்றுவிட்டு, "இங்கே குப்பை கொட்டாதீர்கள். மீறினால் அபராதம்" என்று படித்தான். கீழே இருந்த போன் நம்பரையும் பத்து இலக்கமும் விடாமல் படித்தான். சுகன்யா தலையசைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளைச் சுவர். தினம் இரண்டு தடவை நான் கடந்து போகும் சுவர்தான். அதில் எழுத்து இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.